வீடு யார் பேருக்கு?

“அப்பா போயாச்சு. இனி வீட்டை யார் பேருக்கு மாத்தறதுன்னு பேசி முடிச்சிடுவோம்” என்றான் மூத்தவன். சொல்லும்போதே குரல் கம்மியது.

“கொஞ்சம் சத்தமா சொல்லுண்ணா” என்றாள் தங்கை. அப்பா நாடகக் கம்பெனி நடத்தியவர். கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்ததில், அந்த வீட்டில் உப்புக் கேட்டால்கூட அது தெரு முழுக்கக் கேட்கும்.

அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னான். சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

உயில் என்று ஒன்று கிடையாது, அதனால் அதைக் கோர்ட்டில் நிரூபிக்கிற அலைச்சலும் கிடையாது என்றார் அவர். வாரிசுகள் இரண்டே பேர். மனசு ஒத்துப்போனால் ஒரே பத்திரத்தைப் பதிவு செய்து வேலையை முடித்துவிடலாம். இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகள்தான் தீர்ப்பைக் கேட்பார்கள் என்று சிரித்தார்.

வீட்டை விற்று ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளலாம் என்று மூத்தவன் தன் எண்ணத்தைச் சொன்னான். வேறு ஊரில் அவனுக்குச் சொந்த வீடு இருந்தது. பிள்ளைகளுக்கு இன்னொரு அறை கட்டினால் தேவலை என்ற ஆசை.

தங்கைக்கோ இதை விட்டால் போக்கிடம் இல்லை. முன்னறையில்தான் அவளுடைய தையல் கடை. அவள் சாப்பாடும் அதில்தான் வந்துகொண்டிருந்தது.

“துணி வெட்டற மேஜைய எங்கண்ணா கொண்டுபோறது? தச்சர் அத ரூமுக்குள்ளயே வெச்சு செஞ்சாரு. வாசல் வழியா வராது.”

“ரெண்டா அறுத்துட்டா வந்துடும்.”

“உன் வாய் இருக்கறப்ப ரம்பம் எதுக்கு?”

வக்கீல் சிரித்தேவிட்டார். மூத்தவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை, பாவம். திறந்திருந்த முன்னறையையே பார்த்துக்கொண்டிருந்தான். முதன்முதலாக அவன் வேலைக்குப் போட்டுப்போன சட்டையை அந்த மேஜையில்தான் அவள் வெட்டினாள். துணி பற்றாமல் போனபோது தன் துப்பட்டாவைக் கிழித்துக் காலருக்கு உள்ளே வைத்துத் தைத்தவள்.

“அறுக்க வேணாம்” என்றான் கடைசியில். “வீடு முழுசும் அவ பேர்லயே இருக்கட்டும் வக்கீல் சார். என் பங்க நான் விட்டுக்குடுத்துடறேன். லீவுக்கு வந்தா மாடி ரூம் சாவிய குடுத்தா போதும்.”

அவன் இப்படிச் சொல்வான் என்று தங்கை எதிர்பார்க்கவே இல்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

“பூட்டினாத்தானேண்ணா சாவி” என்றாள் பிறகு. அழ ஆரம்பித்தவளுக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. அவன் தன் கைக்குட்டையை அவள் பக்கம் தள்ளிவிட்டு, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. வக்கீல் மரியாதையாக எழுந்து நின்றார்.

“ஒத்திகை போதும் வக்கீல் சார். அப்பன் நான் உயிரோட இருக்கறப்பவே பத்திரத்த எழுதிடுங்க.”