எலும்பு சிமென்ட்

மலேசியாவின் கோல சிலாங்கூர் தோட்டத்தில் கூலிகளை வேலை வாங்கிய முன்னாள் மண்டோர் அப்பளசாமி எண்பத்தாறு வயதில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். செயற்கை மூட்டைப் பதிக்க, எலும்புக்குள் பிசைந்த மாவு போன்ற சிமென்ட்டை அழுத்தினார் டாக்டர் குணசீலன். இடுப்புக்குக் கீழ் மட்டும் மரத்திருந்ததால் அப்பளசாமி விழித்தே இருந்தார்.

“இது தானா சூடேறி இறுகிடும், ஐயா. பழையபடி நடப்பீங்க.”

“பெத்த புள்ளகூட இப்படிப் பாக்காதுலா. நீங்க எந்த ஊரு டாக்டர்?”

“உங்க தோட்டம்தான். முருகையா மகன்.”

வேலைக்குத் தாமதமாக வந்த முருகையாவை அடித்துக் காலை முடமாக்கியவர் அப்பளசாமிதான்.

“என்னை நொண்டியாக்கிடுவியா தம்பி?”

டாக்டர் நிதானமாகத் தையல் போட்டார்.

“இல்லைங்க. நடக்க முடியாதவன அடிக்க மாட்டேன்னு அப்பா சொல்லிட்டாரு. நீங்க எழுந்து நிக்கிறதுக்காக வெளியில காத்திருக்காரு.”