மினிஹா

'ஜூன் 14: கெப் வண்டியில் நல்லாயிருந்த சென்சரைக் கழற்றிவிட்டேன். தவறு என்னுடையது.'

மாலை வகுப்பில் மெக்கானிக் படிக்கும் ரெஜினோல்ட் இரவு டயரியில் இதை முதலில் எழுதினான்.

சூடேறியதும் எஞ்சின் நின்றதற்குக் காரணம் வேறொன்று, கிரேங்க் சென்சர். பின்னேரம் அதை மாற்றியதும் எஞ்சின் உறுமியது.

"கிளாஸ் போற தொரைக்கு இப்பதான் கண்ணு தெறந்திச்சி!" என்றார் கெப் டிரைவர் சிறில்.

அந்த இரைச்சலில், கெப்பைப் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு மெட்டில்டாவின் போன் அடித்தது. அவள் புருஷன் ரொபர்ட் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தான். வார்டிலிருந்து சிங்களத்தில் பேசினார்கள்; அது வராததால் போனை ரெஜினோல்டிடம் நீட்டினாள்.

"அக்கா, நாளைக்கு அண்ணனக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க!"

"மாதாவே! கெப்பு நடுவழியில நின்னுறாதுல்ல தம்பி?"

"நிக்காதுக்கா."

அவள் கோழி அடிக்க வீட்டுக்கு ஓடினாள்.

எத்தனை மணிக்கு வருவது என்று கேட்க, எஞ்சினை நிறுத்திவிட்டு சிறில் வார்டுக்குப் போன் போட்டார். அவர் முகம் செத்துப்போனது.

"டேய், உனக்கு என்னடா சொன்னாங்க?"

"மினிஹாவ கெனியன்னன்னு. ஆளக் கூட்டிட்டுப் போங்கன்னு..."

"மினிஹாவ இல்லடா. மினிய. பொணத்த எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்காங்க."

ரெஜினோல்ட் மெட்டில்டாவின் வீட்டுப் பக்கம் திரும்பினான்.

"அவ ராவு தூங்கட்டும். விடிஞ்சதும் நீதான் சொல்லணும்," என்றார் சிறில்.

டயரியில் கடைசியாக எழுதினான்: 'நாளை: மெட்டில்டா அக்காவிடம் சொல்ல வேண்டும். பிறகு கெப்பின் பின்னால் சாமான் ஏற்றும் தட்டைக் கழுவ வேண்டும்.'