டப்பா சொன்ன சேதி

"யாரு எத்தனை மணிக்கு எதைப் பாக்குறாங்கன்னு இந்த டப்பா சொல்லுமா தம்பி?"

லோடுமேன் கேட்டதும், நெட் சரிபார்க்க வந்தவன் அலமாரி மேலிருந்த வைஃபை டப்பாவை ஏற இறங்கப் பார்த்தான்.

"சொல்லும்ணே. நெட்டு நல்லாத்தான ஓடுது? இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?"

"வீட்ல நானும் மகளும்தான். பத்து நாளா லேப்டாப்பே கதின்னு கிடக்கா. பக்கத்துல போனா பட்டுனு மூடிடுறா. கண்ணு வேற செவந்து கிடக்கு."

"அதுக்காக வேவு பாக்கலாமாண்ணே?"

"பெத்தவன் பாத்தா வேவு இல்ல தம்பி, அக்கறை."

சொல்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. கிடங்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மூன்று மாடி ஏறி வந்த களைப்பு. முப்பது வருஷம் மூட்டை சுமந்த இடது தோளைப் பிசைந்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலைல என்ன சொன்னா தெரியுமா? 'நாளைக்கு ஒருத்தரைப் பாக்கப் போறோம்ப்பா, எதுவும் சாப்பிடாம வெறும் வயித்தோட வாங்க'ன்னா. எனக்கு அப்பவே பொறி தட்டிடுச்சு. மாப்பிள்ளை வீட்ல விருந்து!"

வந்தவன் சிரித்துவிட்டான். "நல்ல சேதிதானேண்ணே!"

"யாரு எவருன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? அவளும் போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா? நீ பாரு."

அவன் தன் போனில் எதையெதையோ தட்டினான்.

"என் போனைத் தள்ளிட்டா மூணு இருக்கு. டிவி, லேப்டாப், அப்புறம் ஒரு போன்."

"அவ போன்ல தனி நெட்டு. இந்தப் போன் என்னுது. அதுல ஒரு மண்ணும் இல்ல, விடு" என்றார் அவசரமாக.

"லேப்டாப்ல ஆபீஸ் வேலை, பாட்டு... அட! தினமும் சாயங்காலம் ஒரே நம்பருக்குப் போயிருக்காங்க."

"நம்பரா!" எழுந்தே விட்டார். "அதான் அவன்! எந்த ஊரு நம்பரு?"

அவன் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டோடு ஒத்துப் பார்த்தான்.

"ஊரெல்லாம் இல்லண்ணே. இந்த டப்பாவோட நம்பருதான். நாம இப்பப் பாக்குற இதே பக்கத்தைத்தான் அவங்களும் பாத்திருக்காங்க."

"இதுல அவளுக்கு என்ன ஜோலி?"

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். லோடுமேன் எழுத்துக் கூட்டிப் படித்தார். அவருடைய போனுக்கு நேராக 'அப்பா' என்று யாரோ பெயர் போட்டிருந்தார்கள். அதன் கீழே, பத்து நாளாக அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனிடம் வாயால் கேட்டுக் கேட்டுத் திறந்த பக்கங்கள் வரிசையாக நின்றன. அத்தனையும் நெஞ்சுவலி ஆஸ்பத்திரிகள்.

"பொண்ணு பாத்தாலும் வேவு இல்லண்ணே" என்றான் அவன், டப்பாவை மெல்ல நிமிர்த்தி வைத்தபடி. "நாளைக்கு வெறும் வயித்தோடயே போங்க. ரத்தம் எடுப்பாங்க."