பலகையில் ஒரு டோக்கன்

“உன் வீட்டுக்காரன் எங்கேம்மா?”

மலையைச் சுற்றி ஓடிவந்த மேஸ்திரிக்கு மூச்சு வாங்கியது. அவள் உள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அதற்குக் குறுக்கே நின்றுகொண்டாள். வாசலில் அவளுடைய ரப்பர் செருப்பு மட்டும் கிடந்தது.

“உள்ளே தூங்குறாருண்ணே. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வந்தவரு, காய்ச்சல்னு அப்படியே படுத்துட்டாரு.”

“நிஜமாவா?”

“வேணும்னா எழுப்பட்டுமா?” என்று கேட்டாளே தவிர, நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. சுரங்க வாயிலில் மாட்டிய டோக்கனை எடுக்காமல் பலகையிலேயே தொங்கவிட்டு, பாதி வேலையில் நழுவிக் குடிக்கப் போய் ஏற்கெனவே இரண்டு முறை மாட்டிக்கொண்டவன் அவள் கணவன். இன்னொரு தரம் நடந்தால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று மேஸ்திரி இதே வாசலில் நின்று கத்திவிட்டுப் போயிருந்தார்.

இன்று அவர் கத்தவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

“எழுப்பாதம்மா. தூங்கட்டும். நல்லாத் தூங்கட்டும்.”

வெடிச் சத்தம் அந்தக் குடியிருப்புக்குப் பழகிப்போன ஒன்று. விடியற்காலையில் கேட்டது வேறு சத்தம் என்று சொல்லி அவளைக் கலவரப்படுத்துவானேன் என்று, வந்த வழியே திரும்பி ஓடினார்.

சுரங்க வாயிலில் எல்லாரும் அவருக்காகவே காத்திருந்தார்கள். ரயில் பாதைக்காகக் குடைந்துகொண்டிருந்த மலை, ஷிப்டு மாறும் நேரத்தில் கூரையோடு சரிந்திருந்தது. உள்ளே போகிறவன் டோக்கனைப் பலகையில் மாட்ட வேண்டும்; வெளியே வருகிறவன் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அவனுடையது.

“ஆள் உள்ளே இருந்தா தோண்டியே ஆகணும். இல்லேன்னா இப்பவே கான்கிரீட் விட்டு அடைச்சாகணும். இன்னும் கொஞ்சம் விட்டா மொத்தமா உட்கார்ந்துடும்” என்றார் இன்ஜினியர். “எதுன்னு சொல்லுங்க மேஸ்திரி.”

“அடைச்சிடலாம் சார். பய வீட்ல இழுத்துப் போர்த்திக்கிட்டுக் கிடக்கிறான்.”

கடப்பாரையும் கயிறுமாக உள்ளே இறங்கத் தயாராக நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

“அந்த டோக்கனை அவன் கழுத்துல கட்டி விடுங்க மேஸ்திரி, மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி!” என்றான் ஒருவன். காலையிலிருந்து முதன்முதலாக அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. கான்கிரீட் பம்பு உறுமத் தொடங்கியது.

அது ஓய்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஈரம் காயாத சாம்பல் நிறச் சுவர் ஒன்று சுரங்கத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் அவள் தலை கலைந்து, கால் முழுக்கப் புழுதியாக வந்து சேர்ந்தாள்.

“என்னம்மா, துரை எழுந்தாச்சா? வந்து டோக்கனை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு.”

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அவரை வேலையை விட்டு நிறுத்திடாதீங்கண்ணே. எங்கேயோ குடிச்சிட்டுக் கிடக்கிறாருன்னு நினைச்சு காலையில பொய் சொல்லிட்டேன். ஒரு கடை விடாம தேடிட்டேன். எங்கேயும் இல்லை.”

மேஸ்திரியின் பார்வை பலகைக்குப் போனது.

“ராத்திரி வேலைக்கு வந்தவரு, இன்னும் வீட்டுக்கே வரலைண்ணே.”