மாடத்தி குரல் மட்டும்

காதிலிருந்து கழற்றிய மெஷினை மேசைமேல் வைத்து, ஃபரீதா பக்கம் நகர்த்தினார் சமுத்திரம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கிறது ஃபரீதாவின் காது மெஷின் கடை. ராஜபாளையத்திலிருந்து வந்து அவர் இந்தப் படியை ஏறியிறங்கி வாங்கியதில் இது மூன்றாவது மெஷின். இதுவும் சரிப்படவில்லை, இனி நாலாவது கிடையாது, இருக்கிற செவிடோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று பஸ்ஸிலேயே முடிவு கட்டியிருந்தார்.

முதல் மெஷின் தலையைத் திருப்பினாலே விசிலடித்தது. இரண்டாவது, அடுத்த வீட்டில் தட்டு விழுந்தால் அதை இவர் மண்டைக்குள் கொண்டுவந்து போட்டது.

இந்த மூன்றாவதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அணில் கத்துவது கேட்டது. தன் செருப்புச் சத்தம் தனக்கே கேட்டது. இன்று காலையில் பின்கட்டில் முகம் மழித்துக்கொண்டிருந்தவருக்கு, தெருவாசலில் யாரோ ஒருத்தி கீரைக்காரியை ஒரு பிடி பிடிப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. கீரை வாடிக் கிடக்கிறதாம். நல்ல கணீர்க் குரல். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பொம்பளை போலிருக்கிறது, இவளைக் கட்டியவன் பாவம் என்று கொஞ்சம் இரக்கப்படவும் செய்தார்.

அவர் மனைவி மாடத்தி பேசுவது மட்டும் கேட்கவில்லை.

மாடத்தி பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஊரெல்லாம் கேட்கிற காதுக்கு என் குரல் மட்டும் ஆகாதா என்று நேற்று அவள் கண் கலங்கக் கேட்டாள். அதையும் அவள் உதட்டைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார்.

உதடு பார்க்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக் கூடத்தில் இரண்டு பேருக்கும் எதிரெதிர்த் தறி. அத்தனை தறியும் ஓடும்போது கத்தினால் தொண்டை புண்ணாவதுதான் மிச்சம். அதனால் அங்கே எல்லோரும் வாயசைத்தே பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்தது, டீ வந்தது, மேஸ்திரி வருகிறார், எல்லாமே உதட்டில்தான். கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று மாடத்தி சொன்னதும் அப்படித்தான்.

அந்தத் தறிச் சத்தம்தான் பிற்பாடு அவர் காதைத் தின்றது. தின்றால் என்ன, உதடு இருக்கிறதே என்று இரண்டு பேரும் இத்தனை காலம் ஓட்டிவிட்டார்கள்.

ஆனால் உதட்டுக்கு வெளிச்சம் வேண்டும். விளக்கை அணைத்தால் அவருக்கு மாடத்தி இல்லாமல் போய்விடுகிறாள். பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள், ஆனால் ஒரு வார்த்தை கிடையாது. இருட்டில் அவளோடு நாலு வார்த்தை பேச வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுக்குத்தான்.

இதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஃபரீதாவிடம் சொன்னார். அவள் மெஷினை எடுத்து, மறுபடியும் அவர் காதிலேயே மாட்டினாள். ஒரு தாளால் தன் வாயை மறைத்துக்கொண்டு வெண்டைக்காய், தீப்பெட்டி, தென்காசி என்றாள். அவர் பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

பிறகு தாளை மாடத்தி கையில் கொடுத்து, இதேபோல நீங்கள் பேசுங்கள் என்றாள்.

மாடத்தி தாளை வாய்க்கு நேரே பிடித்தாள். சமுத்திரம் கண்ணை மூடிக்கொண்டார்.

மின்விசிறி சுற்றுவது கேட்டது. கீழே கண்டக்டர் மதுரை, மதுரை என்று கூவுவது கேட்டது. அவள் கையிலிருந்த தாள் படபடப்பதுகூடக் கேட்டது.

மாடத்தி குரல் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தார். தாளுக்கு மேலே அவள் புருவம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டுதான் இருந்தாள். அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. இந்தப் பிறவியில் இவள் குரல் நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று மெஷினைக் கழற்றக் கையைக் கொண்டுபோனார்.

அப்போதுதான் ஃபரீதாவைக் கவனித்தார். அவளும் மாடத்தி பக்கம் சாய்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஃபரீதா தாளை மெதுவாக இறக்கினாள். அம்மா, வாயைத்தான் அசைக்கிறீர்கள், சத்தமே வரவில்லையே என்றாள்.

மாடத்தி திகைத்துப்போனாள். தறியை விட்டு எத்தனையோ காலமாகிறது. ஆனாலும் இவர் முகத்தைப் பார்த்தால் அவள் வாய் தானாகத் தறிக்கூடத்துக்குப் போய்விடுகிறது. அது அவளுக்கே இந்த நிமிஷம்வரை தெரியாது. ஃபரீதா பக்கம் திரும்பிப் பதறினாள்.

"நெசமாத்தான் சொல்லுதியா தாயி? நான் இம்புட்டு நேரமும் பேசிக்கிட்டுல்லா இருந்தேன்."

கணீரென்று இருந்தது.

சமுத்திரத்தின் கை காதோரத்தில் அப்படியே நின்றது. அந்தக் குரலை அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்.

"ஏட்டி, காலையில கீரைக்காரிய அந்த ஏச்சு ஏசுனது நீயா?"

மாடத்தி அவர் பக்கம் திரும்பினாள். பதில் சொல்ல உதட்டை அசைத்தாள். பாதியில் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

சமுத்திரம் கண்ணை மூடிக்கொண்டார்.