சிகாபுதீனின் இருமல்

மாடியில் யாரோ பலமாக இருமினார்கள். கீழே கிடங்கில் சுக்கு புடைத்துக்கொண்டிருந்த அன்ஸியாவின் கையிலிருந்து முறம் நழுவியது. மூன்று இருமல், ஒரு கனைப்பு, மறுபடி ஒரு இருமல். இறந்து பதினோரு மாதமான அவள் அண்ணன் சிகாபுதீன் அப்படித்தான் இருமுவான்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். கட்டிலில் அவன் மனைவி உமைரா மட்டும் இருந்தாள். அந்தக் கட்டைக் குரல் அவள் வாயிலிருந்துதான் வந்தது.

எச்.ஐ.வி. இருப்பதை மறைத்துத்தான் சிகாபுதீன் அவளைக் கட்டினான். பிறகு வந்த காசநோயையும் "சுக்குத் தூசி" என்று சொல்லி மறைத்தான். மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் எல்லோரும் இருமுவதால் யாரும் சந்தேகப்படவில்லை. அவன் போன பிறகுதான், தனக்கும் எச்.ஐ.வி. தொற்றியிருப்பது உட்பட, உமைராவுக்கு எல்லாம் தெரிந்தது. அவள் அதற்கான மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. இப்போது காய்ச்சல், கழுத்தில் வீக்கம், இந்த இருமல்.

"மாத்திரை சேரலையா டாக்டரே?" என்று ஆஸ்பத்திரியில் அன்ஸியா கேட்டாள்.

"சேர்ந்ததாலதான் இது. உடம்புக்குத் தெம்பு திரும்பி, இவங்க வீட்டுக்காரர்கிட்டேயிருந்து வந்து உள்ளே பதுங்கிக் கிடந்த காசநோய்க் கிருமியை இப்பத்தான் அடிக்குது. மாத்திரையை நிறுத்தவே கூடாது," என்றார் டாக்டர் மாதுரி. "காசநோய்க்கும் மருந்து தரேன். அடி மிஞ்சினா இவங்க உயிருக்கே ஆபத்து. அதைத் தணிக்கத் தனியா ஒரு மருந்து எழுதறேன்."

உமைரா அந்தக் கடைசி மருந்தை மட்டும் மேசையிலேயே தள்ளி வைத்தாள்.

"எந்தா மச்சி இது? மரிக்கணுமா உங்களுக்கு?" என்று அண்ணியைப் பார்த்துப் பதறினாள் அன்ஸியா.

உமைரா நெஞ்சைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

"தணிக்க வேண்டாம் டாக்டரே. 'உமைரா, போதும், அடிக்காதே'ன்னு உள்ளே கிடந்து உங்க அண்ணன் கெஞ்சுறாரு, அன்ஸியா. இன்னும் ரெண்டு நாள் கெஞ்சட்டும்."