ஏகாம்பரம் பார்த்துவைத்த ஷூ

முயலின் கடையில் இருந்த ஒரு ஜோடி ஷூவை, ஏகாம்பரம் என்ற கொக்கு ஒரு வாரமாக வந்து வந்து பார்த்தது. வெள்ளையும் சிவப்புமான தோல், கணுக்காலை மூடும் உயரம். ஏகாம்பரம் இளவயதில் கூடைப்பந்து ஆடியபோது பெரிய ஆட்டக்காரர்கள் போட்ட மாடல் அது. இப்போது அதையே புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

"இதைப் போட்டுக்கிட்டு ஆடலாமா?" என்று மறுபடியும் கேட்டது.

"உள்ளதைச் சொல்றேன் அண்ணே. கனம் ஜாஸ்தி, அடிப்பாகமும் கெட்டி. குதிச்சா கால் வலிக்கும். அழகுக்குப் போடலாம்" என்றது முயல்.

அன்று மனைவி மரகதமும் கூட வந்திருந்தது. "நீங்க ஆட்டத்தை விட்டே பத்து வருஷம் ஆச்சு. இது எதுக்குங்க?"

ஏகாம்பரம் எடுத்து வைத்திருந்த ஷூவை ஒருமுறை திருப்பிப் பார்த்தது. "நீ சொல்றது சரிதான். வேண்டாம்."

ஷூவைத் திரும்ப அலமாரியில் வைத்தது. வைத்த பிறகும் நகராமல், அதன்மேல் இருந்த தூசியை இறகால் மெல்லத் துடைத்துவிட்டது.

மரகதம் அதைக் கவனித்தது. இடது ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றது.

"எனக்கு எப்படி இருக்கு?"

"உனக்கா? பிரமாதமா இருக்கு!"

"அப்போ இது எனக்கு. அந்த வலது உங்களுக்கு. நாம ரெண்டு பேரும் நிக்கிறது ஒத்தைக் கால்லதானே?"

முயல் அட்டைப்பெட்டியைத் தேடிப் போனது.

"பெட்டியெல்லாம் வேண்டாம் தம்பி" என்ற ஏகாம்பரம், அதற்குள் லேஸைக் கட்டத் தொடங்கியிருந்தது.